ஓர் அணு காணாமல் போனால் என்ன ஆகும்? குவாண்டம் சில்லுச் சர்ச்சைக்குப் பின்னால் இருக்கும் படிகக் கதை

2025 பிப்ரவரி 19. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் உள்ளங்கையில் அடங்கும் சில்லு ஒன்றை உலகத்துக்குக் காட்டியது. அதன் பெயர் மயோரானா 1. பயனுள்ள குவாண்டம் கணினி வரப் பல பத்தாண்டுகள் ஆகாது, சில ஆண்டுகள் போதும் என்றது நிறுவனம். உங்கள் கைப்பேசியிலும் அந்தச் செய்தி வந்திருக்கும்.

ஆனால் அதே நாளில் நேச்சர் சஞ்சிகையில் வெளிவந்த மைக்ரோசாஃப்டின் ஆய்வுக் கட்டுரையோடு ஒரு குறிப்பும் இருந்தது. மயோரானா நிலை அந்தச் சாதனத்தில் இருப்பதற்கு இந்த முடிவுகள் ஆதாரம் ஆகா என்று சஞ்சிகையின் ஆசிரியர் குழு அதில் தெளிவாகச் சொல்லியிருந்தது.

ஒரே நாள், ஒரே ஆய்வு. ஒரு பக்கம் "செய்துவிட்டோம்", இன்னொரு பக்கம் "இன்னும் இல்லை". ஏன் இந்த முரண்பாடு?

பதில் ஒரு சின்ன விஷயத்தில் இருக்கிறது: படிகத்தில் உள்ள குறைகள். இடம் மாறிய ஓர் அணு, காணாமல் போன ஓர் அணு, ஒட்டிக்கொண்ட தூசு. அவை என்ன செய்யும் என்று பார்ப்போம்.

முதலில், டோப்போலாஜிகல் பொருள் என்றால் என்ன?

உளுந்து வடையையும் இட்லியையும் எடுத்துக்கொள்ளுங்கள். வடையை எவ்வளவு நசுக்கினாலும் நடுவில் உள்ள ஓட்டை போகாது. அதைப் போக்க வேண்டுமென்றால் மாவை ஒட்ட வேண்டும், இல்லையென்றால் பிய்க்க வேண்டும். சும்மா வளைத்தாலோ இழுத்தாலோ ஓட்டையின் எண்ணிக்கை மாறாது. இப்படி எளிதில் மாறாத பண்புகளைப் பற்றிப் பேசும் கணிதப் பிரிவுதான் டோப்போலாஜி. தமிழில் இடத்தியல் என்பார்கள்.

சில படிகங்களில் எலக்ட்ரான்களின் அலைகளுக்கும் இதுபோன்ற "ஓட்டை எண்ணிக்கை" உண்டு. அதனால் ஒரு விசித்திரம் நடக்கிறது. படிகத்தின் உட்பகுதி மின்சாரத்தைக் கடத்தாது. மேற்பரப்பு மட்டும் கடத்தும். படிகத்தை இரண்டாக வெட்டினாலும் புதிதாக வந்த மேற்பரப்பு கடத்தத் தொடங்கிவிடும்.

இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர்கள் டேவிட் தௌலஸ், டங்கன் ஹால்டேன், மைக்கேல் கோஸ்டர்லிட்ஸ். 2016ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபெல் பரிசு அவர்களுக்குத்தான் கிடைத்தது.

"குறை இருந்தாலும் கவலை இல்லை": அந்த வாக்குறுதி

இந்தப் பொருள்களின் மேல் இவ்வளவு ஆசை வரக் காரணம் ஒரு வாக்குறுதி.

சாதாரணச் செம்புக் கம்பியில் ஓடும் எலக்ட்ரான் ஒரு குறையில் மோதினால் எந்தத் திசையிலும் சிதறும், வந்த வழியே திரும்பவும் செய்யும். மின்தடை வருவதும் கம்பி சூடாவதும் இப்படி மோதிச் சிதறுவதால்தான்.

டோப்போலாஜிகல் பொருளின் மேற்பரப்பில் விதி வேறு. அங்கே எலக்ட்ரானின் தற்சுழற்சி அது போகும் திசையோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. வலப்பக்கம் போகும் எலக்ட்ரானுக்கு ஒரு சுழற்சி, இடப்பக்கம் போகும் எலக்ட்ரானுக்கு நேர் எதிரான சுழற்சி. வந்த வழியே நேராகத் திரும்ப வேண்டுமென்றால் சுழற்சியும் தலைகீழாக மாற வேண்டும். சாதாரணக் குறையால் அதைச் செய்ய முடியாது.

ஒரு விரைவுச்சாலையை நினைத்துப் பாருங்கள். நடுவில் தடுப்பு இருக்கிறது. சாலையில் பள்ளம் வந்தால் நீங்கள் கொஞ்சம் ஒதுங்கிப் போவீர்கள். பள்ளத்துக்காக எதிர்த்திசைத் தடத்துக்குப் போய்விட முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

இது வெறும் கோட்பாடு இல்லை. பிஸ்மத், ஆன்டிமனி கலந்த படிகத்தின் மேற்பரப்பை அமெரிக்காவின் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் நுண்ணோக்கியால் பார்த்தார்கள். குறைகள் நிறைந்த பரப்பிலும் எலக்ட்ரான்கள் நேராகத் திரும்பவில்லை என்பதை 2009இல் காட்டினார்கள்.

நம் ஊரிலும் இதன் உறவுக்காரர் உண்டு. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் ஜப்பானின் ஒசாக்கா பல்கலைக்கழகமும் 2020இல் ஒரு சிலிக்கான் சில்லைச் செய்துகாட்டின. எலக்ட்ரானுக்குப் பதிலாக அதில் டெராஹெர்ட்ஸ் அலைகள் போயின. கூர்மையான பத்து வளைவுகளைத் தாண்டியும் வினாடிக்கு 11 கிகாபிட் தரவு பிசகாமல் போய்ச் சேர்ந்தது.

அப்படியென்றால் பிரச்சினை எங்கே?

பிரச்சினை 1: உட்பகுதி அடங்குவதில்லை

வாக்குறுதியை இன்னொரு முறை படியுங்கள். மேற்பரப்பு கடத்தும், உட்பகுதி கடத்தாது. முதல் பாதியைக் குறைகளால் எளிதில் கெடுக்க முடியாது. ஆனால் இரண்டாம் பாதியைக் கெடுக்க முடியும்.

பிஸ்மத் செலினைடு இந்தத் துறையில் அதிகம் ஆராயப்பட்ட படிகங்களில் ஒன்று. குவே லாப்பிஸ் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வோர் அடுக்கும் செலினியம், பிஸ்மத், செலினியம், பிஸ்மத், செலினியம் என ஐந்து அணுத் தளங்கள் கொண்டது.

செலினியம் எளிதில் ஆவியாகும். உலையில் படிகம் வளரும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செலினியம் அணுக்கள் தப்பித்துவிடும். ஓர் அணு போன இடத்தில் உபரியாக இரண்டு எலக்ட்ரான்கள் வரை மிஞ்சும். அவை படிகத்தின் உள்ளே சுதந்திரமாக அலையும்.

சில ஆயிரம் செலினியம் அணுக்களில் ஒன்று காணாமல் போனாலே ஒரு கன சென்டிமீட்டரில் கோடானு கோடி உபரி எலக்ட்ரான்கள் சேர்ந்துவிடும். மின்காப்பியாக இருக்க வேண்டிய உட்பகுதி சுமாரான உலோகம் போல ஆகிவிடும். அளந்து பார்த்தால் பெரும்பாலான மின்சாரம் உள்ளே ஓடும். மேற்பரப்பின் குரல் அந்த இரைச்சலில் கேட்காது.

ஆய்வாளர்கள் எப்படிச் சமாளித்தார்கள்?

- எதிர்க் குறையைச் சேர்ப்பது: கொஞ்சம் கால்சியத்தைக் கலந்தால் அது உபரி எலக்ட்ரான்களைப் பிடித்துக்கொள்ளும்.
- சமன் செய்வது: பிஸ்மத் டெலுரைடின் மெல்லிய படலத்தில் எலக்ட்ரான்கள் அதிகம், ஆன்டிமனி டெலுரைடில் குறைவு. இரண்டையும் சரியான விகிதத்தில் கலந்தால் கணக்கு நேராகும்.
- அணுக்களை ஒழுங்காக உட்கார வைப்பது: செலினியத்தையும் டெலுரியத்தையும் தனித்தனித் தளங்களில் அடுக்கினால் குறைகள் குறையும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2010இல் இந்த வழியில் உட்பகுதியின் மின்தடையைப் பெரிதும் உயர்த்தினார்கள்.

பாருங்க, இதில் எதுவுமே குறையில்லாத படிகத்தைச் செய்வது இல்லை. ஒரு குறையை இன்னொன்றால் சரிக்கட்டுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

பிரச்சினை 2: காந்தக் குறைகள் தடுப்பையே உடைக்கும்

விரைவுச்சாலையின் தடுப்பைச் சாதாரணக் குறையால் தாண்ட முடியாது என்றேன். காந்தத்தன்மை உள்ள அணு வந்தால் கதை மாறும். அதனால் எலக்ட்ரானின் சுழற்சியைப் புரட்ட முடியும்.

சில நேரம் இதை வேண்டுமென்றே செய்கிறார்கள். 2013இல் சீனாவின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு பிஸ்மத்-ஆன்டிமனி டெலுரைடில் குரோமியம் அணுக்களைத் தூவியது. வெளியே காந்தம் எதுவும் வைக்காமலே, படலத்தின் ஓரத்தில் மட்டும் இழப்பின்றி ஒரே திசையில் மின்சாரம் ஓடியது. பல ஆண்டுகள் எதிர்பார்த்திருந்த விளைவு அது.

ஆனால் அதற்குத் தேவைப்பட்ட குளிர் என்ன தெரியுமா? 30 மில்லிகெல்வின். முழுப்பூஜ்யத்துக்கு மேல் ஒரு டிகிரியில் நூற்றில் மூன்று பங்கு! கோட்பாடு சொன்ன வெப்பநிலையோ அதைவிட எவ்வளவோ அதிகம். முக்கியமான சந்தேகம் குறைகள்மீது விழுந்தது. குரோமியம் அணுக்கள் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடப்பதால் ஓரிடத்தில் காந்தம் வலுவாகவும் இன்னோர் இடத்தில் பலவீனமாகவும் இருக்கும்.

அதனால் காந்த அணுக்களைப் படிகத்தின் அமைப்பிலேயே வரிசையாக வைத்தார்கள். அதுதான் மாங்கனீஸ் பிஸ்மத் டெலுரைடு. 2020இல் அதே விளைவு 1.4 கெல்வினில் கிடைத்தது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் இந்தப் படிகத்திலும் மாங்கனீஸும் பிஸ்மத்தும் ஒன்றன் இருக்கையில் மற்றொன்று உட்கார்ந்துவிடுகின்றன. அந்த இடமாற்றம் மேற்பரப்பின் பண்புகளைப் பலவீனப்படுத்துகிறது.

பிரச்சினை 3: குறையே வேஷம் போடும்

இப்போது மைக்ரோசாஃப்ட் கதைக்கு வருவோம். மூன்றிலும் இதுதான் சிக்கலானது.

1937இல் இத்தாலிய இயற்பியலாளர் எத்தோரே மயோரானா தனக்குத் தானே எதிர்த்துகளாக இருக்கும் ஒரு துகளைக் கணக்கில் கண்டார். அடுத்த ஆண்டே கப்பல் பயணம் ஒன்றில் அவர் மறைந்துபோனார். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அந்தக் கணக்கு வேறு வடிவில் திரும்பி வந்தது. மெல்லிய பகுதிமின்கடத்திக் கம்பி ஒன்றை மின்தடையே இல்லாத மீக்கடத்தியோடு ஒட்டி, குளிரவைத்து, காந்தப் புலத்தில் வைத்தால் கம்பியின் இரு முனைகளிலும் மயோரானா போன்ற நிலை உருவாகலாம் என்று 2010இல் இரண்டு குழுக்கள் கணித்தன.

கணினிக்கு இது ஏன் வேண்டும்? குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு கியூபிட். அது தொட்டாற்சிணுங்கி மாதிரி. சின்ன அதிர்வு பட்டாலும் தகவல் போய்விடும். மயோரானா கியூபிட்டில் ஒரு தகவல் கம்பியின் இரு முனைகளிலும் பிரிந்து கிடக்கும். ஒரு முனையில் ஏற்படும் இடைஞ்சலால் மட்டும் அதை அழிக்க முடியாது.

கேட்க நன்றாக இருக்கிறது. சிக்கல் என்னவென்றால் அந்த நிலையைக் காக்கும் ஆற்றல் இடைவெளி மிகச் சிறியது. அறை வெப்பநிலையில் இருக்கும் வெப்ப ஆற்றலில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். கம்பியில் உள்ள மாசுகளும் இடைமுகத்தில் சிக்கிய மின்னூட்டங்களும் உண்டாக்கும் மேடு பள்ளங்கள் அதைவிடப் பெரிதாக எளிதில் போய்விடும். அப்போது இரண்டு விஷயங்கள் நடக்கும்.

ஒன்று, மயோரானா நிலை அழிந்துபோகும். இரண்டு, மயோரானா போலவே தோற்றமளிக்கும் போலி நிலைகள் முளைக்கும். மயோரானாவின் அடையாளம் என்று ஆய்வாளர்கள் தேடியது பூஜ்ய மின்னழுத்தத்தில் தெரியும் ஒரு மின்கடத்து உச்சம். அதே உச்சத்தைச் சாதாரணக் குறைகளாலும் உண்டாக்க முடியும். அமெரிக்காவின் மேரிலந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சங்கர் தாஸ் சர்மா 2010 கணிப்பில் பங்கெடுத்தவர். குறைகள் எப்படி ஏமாற்றும் என்பதைப் பின்னர் விரிவாக விளக்கியவரும் அவரே.

இந்த ஏமாற்றத்துக்கு ஒரு விலையும் இருந்தது. 2018இல் நெதர்லந்தின் டெல்ஃப்ட் நகரில் மைக்ரோசாஃப்ட் ஆதரவோடு இயங்கிய குழு நேச்சரில் ஒரு கட்டுரை வெளியிட்டது. எதிர்பார்த்த உச்சம், எதிர்பார்த்த உயரத்தில் இருந்தது. உலகமே கொண்டாடியது. செர்கே ஃப்ரோலோவ், வின்சன்ட் மூரிக் என்ற இரு ஆய்வாளர்கள் மூலத் தரவுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். கட்டுரையில் இடம்பெறாத தரவுகள் வேறு கதை சொல்லின. 2021இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதை ஆராய்ந்த வல்லுநர் குழு, இட்டுக்கட்டியதற்கு ஆதாரம் இல்லை என்றும், உற்சாகத்தில் எதிரான அறிகுறிகளைக் கவனிக்கத் தவறியிருக்கலாம் என்றும் சொன்னது.

கவனியுங்கள். யாரும் பொய் சொல்லவில்லை. குறை போட்ட வேஷமும், தேடியது கிடைத்துவிட்டது என்ற ஆசையும் சேர்ந்தால் இப்படி ஆகும்.

இப்போது எங்கே நிற்கிறது?

மயோரானா 1 சில்லு இந்தியம் ஆர்சனைடு, அலுமினியம் ஆகியவற்றால் ஆனது. அணு அணுவாகப் படியவைத்துச் செய்கிறார்கள். அடுக்குகளில் குறைகள் அதிகமானால் கியூபிட் செத்துவிடும் என்று மைக்ரோசாஃப்டின் கிறிஸ்டா ஸ்வோரே வெளிப்படையாகவே சொன்னார்.

நிறுவனம் அறிவித்தது எட்டு கியூபிட்கள். பத்து லட்சம் வரை போக முடியும் என்பது திட்டம். அமெரிக்கத் தற்காப்பு ஆய்வு அமைப்பான தார்பா, தன் குவாண்டம் திட்டத்தின் இறுதிக் கட்டத்துக்குத் தேர்ந்தெடுத்த இரு நிறுவனங்களில் மைக்ரோசாஃப்டும் ஒன்று.

இன்னொரு பக்கம், சாதனம் டோப்போலாஜிகல் நிலையில் இருக்கிறதா என்று பார்க்க மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் சோதனை முறையே நம்பகமானது இல்லை என்று ஸ்காட்லந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஹென்றி லெக் வாதிட்டார். தரவுகளின் எல்லையை மாற்றினால் முடிவும் மாறுகிறது என்பது அவரது குற்றச்சாட்டு. நிறுவனம் அதை மறுத்தது. 2025 மார்ச்சில் அமெரிக்க இயற்பியல் சங்கத்தின் மாநாட்டில் மைக்ரோசாஃப்டின் சேத்தன் நாயக் கூடுதல் தரவுகளைக் காட்டினார். அரங்கம் நிறைந்தது. ஆனால் ஐயம் கொண்டிருந்த பலருக்கு அது தீரவில்லை.

என் பார்வையில், இங்கே இரண்டு கேள்விகளைக் குழப்பிக்கொள்ளக்கூடாது. நுட்பமான சாதனத்தைச் செய்து நுட்பமாக அளந்தார்களா? ஆம். அளந்தது மயோரானாவைத்தானா? அதுதான் இன்னும் வழக்கில் இருக்கிறது. செய்தித் தலைப்புகளில் முதல் கேள்வியின் பதிலை இரண்டாவதன் பதிலாகப் போட்டுவிட்டோம். "நாங்கள்" என்று சொல்லும்போது எங்கள் துறையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

குறை என்றாலே கெட்டதா?

இல்லை. உங்கள் கைப்பேசியில் இருக்கும் சில்லே குறைகளால்தான் வேலை செய்கிறது. சுத்தமான சிலிக்கானால் பெரிதாகப் பயனில்லை. அதில் பாஸ்பரஸ், போரான் அணுக்களை அளவாகக் கலந்தால்தான் டிரான்சிஸ்டர் கிடைக்கும்.

டோப்போலாஜிகல் உலகின் முதல் பெரிய வெற்றியும் குறைகளுக்குக் கடன்பட்டது. 1980இல் ஜெர்மானியர் கிளாவுஸ் ஃபொன் கிளிட்சிங் வலுவான காந்தப் புலத்தில் மின்தடை படிப்படியாகத் தாவுவதைக் கண்டார். அடிப்படை எண் ஏறத்தாழ 25,812.807 ஓம். அந்தப் படிகள் சமதளமாக நீள்வதற்குக் காரணம், மாசுகள் சில எலக்ட்ரான்களை ஓரிடத்தில் சிக்கவைப்பதுதான். கொஞ்சமும் குறையில்லாத மாதிரியில் அந்தச் சமதளங்கள் கிடைக்காது. இன்று உலகின் மின்தடை அளவுகோல் அந்த எண்ணை நம்பியிருக்கிறது.

இன்னொன்று: படிகத்தில் ஓர் அணு வரிசை பாதியிலேயே நின்றுபோனால் அதை இடப்பிறழ்வு என்பார்கள். சில டோப்போலாஜிகல் படிகங்களில் அந்தப் பிறழ்வுக் கோடே இழப்பில்லாத மின்கம்பியாக மாறலாம் என்று 2009இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி ஆய்வாளர்கள் கணித்தார்கள். எலக்ட்ரானுக்குப் பதில் ஒலி அலைகளைக் கொண்டு அதே கருத்தைச் சோதித்துப் பார்த்தவர்களில் நன்யாங் ஆய்வாளர்களும் உண்டு.

ஆக, குறை எங்கே இருக்கிறது, எத்தனை இருக்கிறது, என்ன வகை என்பதுதான் முக்கியம். அளவாகப் போட்டால் உப்பு. அள்ளிப் போட்டால் சாப்பாட்டில் கை வைக்க முடியாது.

இதெல்லாம் நமக்கு எதற்கு?

உலகில் தயாராகும் பத்துச் சில்லுகளில் ஒன்று சிங்கப்பூரிலிருந்து போகிறது. 2024இல் அரசாங்கம் தேசியக் குவாண்டம் உத்தியை அறிவித்து, ஐந்தாண்டுகளுக்கு ஏறக்குறைய 300 மில்லியன் வெள்ளி ஒதுக்கியது. அது நம் வரிப்பணம். எந்த வகைக் கியூபிட் வெல்லும் என்று இன்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மீக்கடத்திச் சுற்றுகள், சிறைப்பிடித்த அயனிகள், ஒளித்துகள்கள் எனப் பல குதிரைகள் ஓடுகின்றன. மயோரானா அவற்றில் ஒன்று.

எந்தக் குதிரை வென்றாலும் ஒரு வேலைக்குத் தேவை இருக்கும். படிகத்தைச் சுத்தமாக வளர்ப்பது, ஓர் அணு இடம் மாறியதைக் கண்டுபிடிப்பது, இடைமுகத்தைச் சீராக்குவது. நீங்கள் பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ பொருளறிவியல் படிக்கிறீர்கள் என்றால், "கணினித் துறை மாதிரி கவர்ச்சியா இல்லையே" என்று யாராவது சொன்னால் கவலைப்படாதீர்கள். குவாண்டம் கணினியின் தலையெழுத்து உங்கள் உலையில்தான் எழுதப்படுகிறது.

அடுத்த முறை "புரட்சிகரக் குவாண்டம் சில்லு" என்ற தலைப்பைப் பார்த்தால், பகிர்வதற்கு முன் நான்கு கேள்விகள் கேளுங்கள்:

- அளந்தது என்ன, அறிவித்தது என்ன? இரண்டும் ஒன்றா?
- அதே அடையாளம் சாதாரணக் குறையாலும் வருமா?
- தேர்ந்தெடுத்த தரவு மட்டுமா, முழுத் தரவுமா வெளியானது?
- வேறோர் ஆய்வகம் அதைத் திரும்பச் செய்துகாட்டியதா?

நான்குக்கும் பதில் கிடைத்தால் தாராளமாகக் கொண்டாடலாம். கிடைக்காவிட்டால் கொஞ்சம் பொறுக்கலாம். 1937இல் போட்ட கணக்கு அது. இன்னும் சில ஆண்டுகள் காத்திருப்பதால் ஒன்றும் குறைந்துவிடாது.